முன்பிரேக்கில் ஏர் எடுத்த கதை

பிரேக் வேலை பார்ப்பவனுக்குப் பாராட்டு கிடையாது. வண்டி நின்றால் ஓட்டியவன் கெட்டிக்காரன், நிற்காவிட்டால் மெக்கானிக் கொலைகாரன். நகக்கண்ணில் போன வாரத்து கிரீஸோடு சோறு உண்ணும் என் இனத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் திருவனந்தபுரம் வலியசாலையில் தனியாக ஒரு ஷெட் போட்டேன். அதற்கு முன் பன்னிரண்டு வருஷம் கரமனையில் ஒரு கார் பட்டறையில் ஜீப்புக்குப் பிரேக் பார்த்தவன். அந்தச் சமயம் வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள் சிலர் ஜப்பான் மோட்டார் சைக்கிள் கொண்டுவந்தார்கள். நம் ஊர் வண்டிகளுக்கெல்லாம் கம்பி இழுத்துப் பிடிக்கிற பிரேக். இவற்றின் முன்சக்கரத்திலோ டிஸ்க் என்று ஒரு இரும்புத் தட்டு, அதைக் கவ்விப் பிடிக்க ஆயில் பிரேக். ஊரில் ஒருவரும் தொடவில்லை, நான் தொட்டேன். நான் பார்த்த வண்டி ஒன்றாவது ஏதாவது ஒரு இறக்கத்தில் நிற்காமல் போயிருந்தால், ஓட்டியவன் உயிரோடு என் பெயரும் ஷெட்டும் சேர்ந்து போயிருக்கும். அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். வேலை முடிந்ததும் சாவியைச் சொந்தக்காரர் கையில் கொடுத்து, பின்சீட்டில் நான் ஏறிக்கொண்டு, தைக்காடு இறக்கத்தில் ஒரு தடவை போய் வருவேன். என் உயிரும் அதே வண்டியில் என்று தெரிந்தால் யாருக்கும் நம்பிக்கை வரும்.

மூன்று பட்டறை ஏறி இறங்கிய வண்டி

முதல் வண்டி வர்க்கலைக்காரர் ஒருவருடையது. துபாயில் கொத்தனார் வேலை பார்த்துத் திரும்பியவர். பிரேக் லிவரைப் பிடித்தால் கைப்பிடி வரைக்கும் சாதுவாக வந்து ஒட்டிக்கொள்ளும், சக்கரம் பாட்டுக்குச் சுற்றும். மூன்று பட்டறையில் முன்பிரேக்கை மறந்துவிடச் சொல்லியிருந்தார்கள். ஆயிலுக்குள் காற்று புகுந்தால் இதுதான் நடக்கும். காற்று அமுங்கும், ஆயில் அமுங்காது. சாஸ்திரம் அவ்வளவுதான், ஜீப்பானாலும் ஜப்பானானாலும்.

அந்தக் காற்றை வெளியேற்ற, அதாவது ஏர் எடுக்க, இரண்டு ஆள் வேண்டும். பக்கத்து ஷெட் வெல்டர் ஸ்டீபனைக் கூப்பிட்டு லிவர் பக்கம் நிறுத்தினேன். அவன் நாலு தடவை அமுக்கி இறுக்கிப் பிடிப்பான். நான் கீழே சக்கரத்தருகே காற்றை வெளியே விடும் திருகை, அதாவது நிப்பிளை, கால் சுற்றுத் திறப்பேன். டியூப் வழியாகக் பால் விடாத கட்டங்காப்பி நிறத்தில் பழைய ஆயிலும் குமிழும் வரும். நான் மூடிய பிறகுதான் அவன் கையை விடலாம். முன்னாலேயே விட்டால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே ஏறிவிடும். ஒன்றரை மணி நேரம் இதே பூஜை. புது ஆயில் தேன் நிறத்தில் குமிழில்லாமல் வந்தபோது எனக்கு முதுகு நிமிரவில்லை, மனசு நிமிர்ந்துவிட்டது. தைக்காடு இறக்கத்தில் இரண்டு விரலால் வண்டியை நிறுத்திவிட்டு, அந்த மனிதர் இறுகிப்போன லிவரைத் திரும்பத் திரும்ப அமுக்கிப் பார்த்துத் தன் மலையாளத்தில் சொன்னார்: “மேஸ்திரி, இது கல்லு போல ஆயல்லோ.”

சர்வரோக நிவாரணி

வலியசாலை அக்கிரகாரத்தில் கணக்காபீஸிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருந்தார். மஸ்கட்டில் இருந்த மருமகன் விட்டுப்போன வண்டியை மாமனார் கண்ணாகப் பார்த்துக்கொண்டார். கண்ணாகப் பார்த்ததில், பிரேக் ஆயில் டப்பாவில் அளவு குறைந்திருப்பது தெரிந்திருக்கிறது. வீட்டில் நல்ல தேங்காயெண்ணெய் இருக்கும்போது கடைக்கு எதற்குப் போக வேண்டும்? விளிம்பு வரை ஊற்றிவிட்டார்.

ரப்பர்கள் எல்லாம் ஊறி உப்பி, சக்கரம் உருள மறுத்தது. முன்சக்கரத்தைக் கைவண்டியில் தூக்கி வைத்துக் கட்டி, ஊர்வலமாகக் கொண்டு வந்தார்கள். எல்லாவற்றையும் பிரித்துக் கழுவி, மருமகன் ஆள் மூலம் கொடுத்தனுப்பிய புது ரப்பர் வருகிற வரை காத்திருந்து, மாட்டி, ஏர் எடுத்துக் கொடுத்தேன். நாட்டிலேயே தேங்காயெண்ணெயை உள்ளே விட்ட டிஸ்க் பிரேக்கைப் பிழைக்க வைத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பெரியவருக்கு மட்டும் கடைசி வரை சமாதானமில்லை. “தலைக்கு ஆறது, சமையலுக்கு ஆறது, சுவாமி விளக்குக்கும் ஆறது. இந்தப் பாழாப்போன சக்கரத்துக்கு மட்டும் ஏன் ஆகாதுங்கறீர்?”

பட்டுப்போல் டாங்க்

பிரேக் ஆயில் ஒரு சொட்டு விழுந்தால் பெயிண்ட் தோலாக உரிந்து வரும். ஒரு சிவப்பு டாங்கில் அப்படி விழுந்து, குடத்துத் தண்ணீரை அப்படியே கவிழ்த்துத் தப்பித்தேன். அன்றிலிருந்து டப்பா மூடியைத் திறக்கும் முன் டாங்க், மட்கார்டு, ஹெட்லைட் என்று ஒன்று விடாமல் ஈரத்துணி சுற்றுவேன். பார்த்துப் பார்த்து அலுத்துப்போய் ஸ்டீபன் சொன்னான்: “கல்யாணப் பெண்ணுக்குக்கூட இத்தற துணி சுத்தமாட்டாங்க, ஆசானே.”

எலுமிச்சம்பழம்

சாலைக் கடைத்தெருவில் அரிசிக்கடை வைத்திருந்த முருகேசன் அண்ணாச்சி, திருநெல்வேலிக்காரர், இதே மாதிரி ஜப்பான் வண்டி ஒன்றைப் பழசாக வாங்கினார். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பிரேக் வேலை முடித்தேன். லிவர் கல்லாக இருந்தது. கிழக்கேகோட்டைப் பிள்ளையார் கோவிலில் பூஜை போட்டுவிட்டு, மனைவியையும் ஐந்து வயது மகளையும் ஏற்றிக்கொண்டு நேரே மார்த்தாண்டம் மாமியார் வீட்டுக்குப் போவதாகத் திட்டம். பத்தரைக்கு ராகுகாலம். “தைக்காடெல்லாம் வந்து பாத்துக்கிடலாம் மேஸ்திரி” என்று சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். நானும் லிவரை நம்பி விட்டுவிட்டேன்.

சாமான்களை எடுத்து வைக்கும்போது பேப்பரில் ஒரு செப்பு வாஷர் மிச்சமிருந்தது. ஆயில் குழாய் மாட்டுகிற போல்ட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று புதிதாக இரண்டு எடுத்து வைத்திருந்தேன். ஒன்று மாட்டவே இல்லை. லிவர் இப்போது இறுக்கமாகத்தான் இருக்கும். ஆயில் சொட்டுச் சொட்டாகக் கசிந்து, வழியில் பாலராமபுரம் தாண்டும்போது ஒன்றுமே இருக்காது. டாங்கின் மேல் அந்தச் சின்னப் பிள்ளை உட்கார்ந்திருக்கும்.

ஸ்டீபனின் சைக்கிளில் பறந்தேன். கோவில் முன்னால் வண்டி மாலையோடு நின்றது. தேங்காய் உடைத்தாகிவிட்டது, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது, அண்ணாச்சி வண்டியைக் கிளப்பிவிட்டார். சைக்கிளைப் போட்டுவிட்டு முன்சக்கரத்தை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

“அண்ணாச்சி, எடுக்காதிய. தப்பு எம்பேருல. வாஷர் போட மறந்துட்டேன்.”

கூடியிருந்தவர்களில் பாதிப்பேர் எனக்குத் தெரிந்தவர்கள், இரண்டு பேர் என்னிடம் பிரேக் வேலைக்கு வண்டி விட்டவர்கள். விரலை விட்டுப் பார்த்தேன், போல்ட்டடியில் ஈரம். அண்ணாச்சி இன்ஜினை நிறுத்தினார். மனைவியையும் மகளையும் பஸ் ஏற்றிவிட்டு, என்னோடு சேர்ந்து வண்டியைத் தள்ளிக்கொண்டே வலியசாலை வந்தார். என் கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டே தள்ளினேன். வாஷர் போட்டு, முதலிலிருந்து ஏர் எடுத்து, தைக்காடு இறக்கத்தில் ஒன்றுக்கு மூன்று தடவை போய் வந்தோம்.

திங்கட்கிழமை காலை ஷெட் வாசலில் மூன்று டிஸ்க் வண்டிகள் நின்றன. மூன்றுமே அந்தக் கோவில் கூட்டத்தில் இருந்தவர்கள் அனுப்பியவை. கூடவே, ஊரிலிருந்து திரும்பிய குடும்பத்தோடு அண்ணாச்சியும் வந்திருந்தார். எனக்குப் பெருமைதான், சொல்ல வெட்கமில்லை. அண்ணாச்சியின் மனைவி வண்டியிலிருந்து இறங்காமலேயே மற்ற வண்டிகளைக் கொண்டுவந்த மூன்று பேருக்கும் கேட்கும்படி சொன்னார்: “பிள்ளையாரு தேங்காயத்தான் பாப்பாரு. வாஷரப் பாக்கதுக்கு நம்ம மேஸ்திரிதான் வேணும்.”

இத்தனை வருஷத்தில் நான் நிற்க வைத்த வண்டிகள் எத்தனையோ, ஆனால் பிரேக்கே இல்லாமல் நிற்க வைத்தது அந்த ஒன்றைத்தான்.