படகில் காத்திருந்த குங்குமச் சிமிழ்

ஆறாயிக்குக் கடலென்றால் பயம். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்துக் கூடையோடு வளர்ந்தவள். கொழும்பு வெள்ளவத்தையில் என் வீட்டுக்குச் சமையல் வேலைக்கு வந்த புதிதில், தண்டவாளத்துக்கு அப்பால் இரையும் அலையைக் கேட்டு, "டீச்சரம்மா, இது ராத்திரியும் நிக்காதா?" என்று கேட்டாள். அப்படிப்பட்டவளுடைய புருஷனுக்கு அமைந்த வேலையோ பாய்ப்படகில்.

காளியப்பனும் தோட்டத்துப் பிள்ளைதான். பம்பலப்பிட்டியில் பல் வைத்தியம் பார்த்த டொக்டர் பாலசுந்தரம் ஆசைக்கு ஒரு படகு வாங்கி, இவனைத் துணைக்கு வைத்துக்கொண்டார். ஒற்றைப் பாய்மரம், உள்ளே இரண்டு பேர் நீட்டிப் படுக்கக்கூடிய ஒரு அறை. கொட்டாஞ்சேனையைத் தாண்டி, களனி கங்கை கடலில் விழும் முகத்துவாரத்தில் கட்டிக் கிடக்கும். இருவருமாகக் கரையோரமாய் நீர்கொழும்பு, சிலாபம், கற்பிட்டி என்று போய்வருவார்கள். ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆழம் பார்ப்பதும், காற்றுக்குக் கண்டல் மரங்களின் மறைவில் ஒதுங்குவதுமாகப் பல வருஷம் ஓடிற்று. காவலுக்கு ஆள் வேண்டுமென்று காளியப்பன் படகிலேயே குடியிருந்தான்.

ஆக, அவன் படகில், அவள் என் குசினியோரத்து அறையில். தாலி கட்டிய இரண்டு பேருக்கு இந்தக் கொழும்பில் சேர்ந்து படுக்க ஓரிடம் இல்லை. என் வீட்டிலேயே தங்கச் சொல்லலாமே என்பீர்கள். என் வீடே வாடகை வீடு. அது யுத்த காலம். புதிதாக ஒரு தமிழ் ஆம்பிளையை வைத்திருந்தால் பொலிசில் பதிய வேண்டும், சுற்றிவளைப்பு நாளில் பதில் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் ஒரே பேச்சில் மறுத்துவிட்டார். கொட்டாஞ்சேனையிலும் அவன் அறை கேட்காத சந்து இல்லை.

தொண்ணூற்றிரண்டில் டொக்டர் குடும்பத்தோடு கனடாவுக்குப் போனார். போகும்போது, "படகு பாழாகாமல் பார். மனுசியையும் கூட்டிக்கொண்டு வந்து இரு, காளியப்பன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து ஆறாயியின் நடையே மாறிவிட்டது. சித்திரை வருஷம் பிறந்ததும் படகுக்குக் குடிபோவதாகப் பேச்சு. மாதத்தில் ஒருநாள் அவன் பின் கேற்றில் வந்து நின்று சொல்வதையெல்லாம் தேங்காய் துருவிக்கொண்டே எனக்கு ஒப்பிப்பாள். படகைக் கரையில் சாய்த்து, அடியில் ஒட்டிய சிப்பியெல்லாம் சுரண்டியாயிற்றாம். பலகை இடுக்கில் பஞ்சு திணித்துச் சிவப்பு வண்ணம் பூசியாயிற்றாம். அலையில் ஆடினாலும் சட்டி கவிழாதபடி அடுப்பைச் சுற்றிக் கம்பி போட்டாயிற்றாம்.

"உனக்குத்தான் கடல் பயமாச்சேடி?"

"பயந்தான் டீச்சரம்மா. அவரு பக்கத்துல இருந்தா பயந்துகிட்டே இருந்துருவேன்."

கடல் அடங்கியிருக்கும் மாதங்களில் ஞாயிறு பின்னேரம் அவன் பெர்மிட் எடுத்துக்கொண்டு தெற்கே வெள்ளவத்தை வரை பாய் விரித்து வருவான். இவள் தண்டவாளத்தைக் கடந்து கற்பாறையில் போய் நிற்பாள். தூரத்தில் எந்தப் பாய் அவனுடையது என்று தெரிய வேண்டுமே, தன் பழைய மஞ்சள் சேலையில் ஒரு துண்டைக் கொடுத்திருந்தாள். அதைப் பாயின் கிழிசலில் ஒட்டுப் போட்டிருந்தான். மஞ்சள் தெரிந்ததும் இவள் துவாயை வீசுவாள். அவன் பாயைப் பாதி இறக்கி மறுபடி ஏற்றுவான். அவர்களுடைய குடும்ப வாழ்க்கை அவ்வளவுதான். எனக்கு ஒருபக்கம் சிரிப்பு வரும், ஒருபக்கம் வயிற்றெரிச்சலாக இருக்கும்.

அது வேறொரு கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று எங்கள் மூவருக்கும் தோன்றவில்லை. மேல்மாடி வரதராசா பல்கனியில் இருந்து பார்த்திருக்கிறார். ஞாயிறு தோறும் ஒரு தமிழ்ப் பெண் கரையில் நின்று துணி வீசுகிறாள், கடலில் ஒரு படகு பாய் இறக்கிப் பதில் சொல்கிறது. தன் பிள்ளைகளுக்கு வில்லங்கம் வருமுன் தான் முந்திக்கொள்ள வேண்டுமென்று பொலிசுக்கு டெலிபோன் எடுத்தாராம். கேட்டால் பயம் என்றார். யாருக்குத்தான் பயமில்லை? ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருந்தால் அவர் நாக்கு அழுகியா விழுந்திருக்கும்?

பங்குனி மாதம் ஒரு ஞாயிறு ஜீப் வந்து அவளைப் பாறையிலேயே பிடித்துக்கொண்டு போனது. நான் பொலிசுக்கு ஓடினேன். அவள் கொடுத்த வாக்குமூலத்தை அங்கிருந்த அதிகாரி சிங்களத்தில் சொன்னார். படகை இவளுக்குத் தெரியாதாம், துவாய் காய வைத்தாளாம். புருஷன்? செத்துப் போய்விட்டானாம்.

அவளைப் பார்க்க விட்டார்கள். நெற்றியில் பொட்டில்லை. கழுத்தில் தாலியில்லை, மடியில் முடிந்திருந்தாள்.

"என்னடி சொல்லியிருக்கிறாய்?"

"தமிழன் கையில படகுன்னா விடுவாங்களா, டீச்சரம்மா? அவர வரவேணாம்னு சொல்லிருங்க. வந்து புருஷன்னு சொன்னா ரெண்டு பேரும் போயிருவோம்."

மறுநாளே முகத்துவாரத்துக்குப் போனேன். படகுக்குள் குனிந்துதான் நுழைய வேண்டும். இரண்டு தலையணை போட்டிருந்தது. அவள் உயரத்துக்கு ஒரு கண்ணாடி. அதன் கீழ் சிறு பலகை, அதில் வட்டமாக ஒரு துளை. துளைக்குள் ஒரு குங்குமச் சிமிழ் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

"படகு ஆடுனா விழுந்துருமில்லீங்களா, அதுக்குத்தான்" என்றான் காளியப்பன்.

நான் சேதியைச் சொன்னேன். "காளியப்பன், நீர் அந்தப் பக்கம் வரவே கூடாது. அவள் சொன்னது நிற்கவேணும்."

"செத்துட்டேன்னா சொன்னா?"

"ஓம்."

அவன் சாக்கு ஊசியை எடுத்துப் பாயிலிருந்த மஞ்சள் ஒட்டைப் பிரிக்கத் தொடங்கினான். இரண்டு நாளில் படகையும் சோதித்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை.

மழைக்காலத்தில் ஆறாயியை விட்டார்கள், இருமலோடு. வாரந்தோறும் பொலிசில் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். சிவில் உடுப்பில் பொலிஸ்காரன் ஒருவன் எங்கள் ஒழுங்கையில் வந்து போவான். அவள் பொட்டு வைக்கவேயில்லை.

"ஒருக்கா இரகசியமாய்ப் போய்ப் பார்த்துவிட்டு வாவனடி."

"போனா அன்னிக்குச் சொன்னது பொய்யின்னு ஆயிரும். என் வாயால அவர செத்தவருன்னு சொல்லிட்டேன், டீச்சரம்மா. அது பலிச்சிறக் கூடாது." அதற்காக வெள்ளிக்கிழமைகளில் விரதமென்று பட்டினி வேறு. ஏற்கனவே எலும்பும் தோலுமாக இருந்தவள். நான் கத்திப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். கேட்கவில்லை.

காளியப்பன் சில ஞாயிறுகளில் தண்டவாளத்தோரமாக நடந்து போவான். அவள் பாறையில் இருப்பாள். யாரோ எவரோ போல அவன் கடந்து போவான், அவள் திரும்ப மாட்டாள். சன்னலில் நின்ற எனக்குத்தான் அழுகை வரும்.

அடுத்த மாசியில் இருமல் அவளைக் கொண்டுபோய்விட்டது. புருஷனுக்குப் பலிக்கக்கூடாது என்று கும்பிட்டாள், பலிக்கவில்லை. அந்தக் கடவுளோடு எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

சவம் வைக்கும் மலர்ச்சாலையில் பெண்கள் அவளைக் குளிப்பாட்டி, கைம்பெண் என்று நெற்றியில் திருநீறு மட்டும் பூசிக் கிடத்தியிருந்தார்கள். சிவில் உடுப்புக்காரனும் வந்து என் பக்கத்தில் நின்றான். அப்போது காளியப்பன் தோய்த்த வெள்ளைச் சேட்டோடு உள்ளே வந்தான். ஒருவரையும் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து அந்தச் சிமிழை எடுத்துத் திறந்தான். விரலில் குங்குமத்தைத் தொட்டு அவள் நெற்றியில் பெரிதாக வைத்தான். வகிட்டிலும் வைத்தான். மூக்கின் மேல் கொஞ்சம் கொட்டிற்று, அதைச் சேட்டு நுனியால் துடைத்துவிட்டான்.

சிவில் உடுப்புக்காரன் என் பக்கம் குனிந்து, "நோனா, மே கவுத?" என்று சிங்களத்தில் கேட்டான், இவன் யார் என்று.

"தன்னே நே" என்றேன். எனக்குத் தெரியாது.

அந்தக் குங்குமத்தைப் பார்த்த தமிழர் எல்லோருக்கும் புரிந்துவிட்டது, அவன் யார் என்று. வரதராசாவும் நின்றார். அன்று அவர் வாயைத் திறக்கவில்லை.