முப்பத்திரண்டு பேருக்கு ஓர் ஒதுக்குப்புறம்

ஓரிடத்தில் யாரும் இல்லை என்று சொல்வதற்கு, அங்கே எத்தனை மணிக்குப் போய்ப் பார்த்திருக்க வேண்டும்? அறுபதுகளின் கடைசியில், பட்டம் பெற்று, ஆசிரியைப் பணிக்கு விண்ணப்பங்கள் அனுப்பிவிட்டுத் தாம்பரத்தில் வீட்டோடு இருந்த நாட்களில் இந்தக் கேள்வி என்னிடம் வந்து சேர்ந்தது. இரண்டு மாதம் முன்னதாக வந்திருந்தால் எல்லோருக்கும் நல்லதாக இருந்திருக்கும்.

என் அக்காவின் திருமண அழைப்பிதழில் பெரிய மாமாவின் பெயர் விடுபட்டுப் போயிற்று. சின்ன மாமாவின் பெயர் இருந்தது. அச்சகத்துக்குக் கொடுத்த தாளைப் பார்த்துச் சரி சொன்னவர் சின்ன மாமா. அன்றிலிருந்து மூன்றாண்டுகளாகப் பெரிய மாமா தம்பியின் வீட்டுப் படியையும் மிதிக்கவில்லை, எங்கள் வீட்டுப் படியையும் மிதிக்கவில்லை. கிறிஸ்துமஸ் விடுமுறையில் குடும்பம் முழுவதையும் எப்படியாவது ஒன்றுசேர்த்துவிட வேண்டும் என்று அம்மா முடிவு செய்தார்.

“யார் வீடும் வேணாம். வெளில எங்கயாவது டென்ட் போட்டு மூணு நாள் இருப்போம். சண்டை போட்டாலும் அங்கயே போட்டு முடிக்கட்டும். அக்கம்பக்கம் காது இல்லாத எடமா பாரு” என்றார்.

பல்லாவரத்தில் இருந்த சித்தப்பா பள்ளியில் சாரணர் ஆசிரியர். ஐந்து கூடாரங்கள் அவருடைய பொறுப்பில் இருந்தன. ஆக, கூடாரம் உண்டு. முப்பத்திரண்டு பேரும் உண்டு. இடம் மட்டும்தான் இல்லை. சனிக்கிழமைதோறும் ரயிலில் பல்லாவரம் போய், சித்தப்பாவின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து இடம் தேடத் தொடங்கினேன்.

அந்தத் தேடலைப் போல என் பொறுமையைச் சோதித்தது வேறெதுவும் இல்லை. வண்டலூர்க் காட்டோரத்தில் வனக் காவலர், கூடாரம் போடலாம், ஆனால் அடுப்பு மூட்டக் கூடாது என்றார். முப்பத்திரண்டு பேர் மூன்று நாள் எதைச் சாப்பிடுவது என்று கேட்டதற்கு, அதைச் செங்கற்பட்டில் அதிகாரியிடம் கேளுங்கள் என்றார். செங்கற்பட்டுக்குப் போனால் அதிகாரி விடுப்பில் இருந்தார். முடிச்சூர் ஏரிக்கரை, பெய்த மழையில் காலை வைத்தால் கணுக்கால் வரை உள்வாங்கிற்று. மாடம்பாக்கத்துக்கு அப்பால் ஒரு பனந்தோப்பு எங்கள் மனத்துக்கு மிகவும் பிடித்திருந்தது. சித்தப்பா நாடாவை விரித்து அளக்கத் தொடங்கியதும் புதரிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார்.

“இன்னா சார், சர்வேயா?”

“இல்லப்பா, குடும்பத்தோட வந்து தங்கறதுக்கு.”

“குடும்பத்தோடயா? இங்கயா?” அவர் என்னையும் ஒருமுறை பார்த்தார். “வாணாம் சார். நல்ல மனுசனா கீறே, போய்டு.”

காற்று எங்கள் பக்கம் திரும்பியபோதுதான் சாராய ஊறலின் நெடி வந்தது. மதுவிலக்கு நடப்பில் இருந்த காலம் அது. சித்தப்பா நாடாவைச் சுருட்டக்கூட நில்லாமல் சைக்கிளில் ஏறி மிதித்தார். நாடாவின் மறுமுனை என் கையில் இருந்தது.

ஏழாவது சனிக்கிழமை, கீழ்க்கட்டளைக்கு அப்பால் அந்த இடம் கிடைத்தது. மேடான, உலர்ந்த தரை. மூன்று பக்கமும் ஆளுயரப் புதர். சற்றுத் தள்ளி நல்ல தண்ணீர்க் கிணறு. மூன்று முறை போய்ப் பார்த்தோம். மூன்று முறையும் பகல் பதினொரு மணி. மூன்று முறையும் ஆடு மேய்ப்பவர்கூட இல்லை. கிராம மணியக்காரரைப் பார்த்தோம். “புறம்போக்குதான். தாராளமா போட்டுக்குங்க, யார் வரப் போறாங்க அங்க?” என்றார். சித்தப்பா அழகாக வரைபடம் போட்டார். சமையல் இங்கே, பெரிய மாமா கூடாரம் இந்த மூலை, சின்ன மாமா கூடாரம் எதிர்மூலை. மேற்குப் புதருக்குள் ஒரு சதுரம் போட்டு ‘பெண்கள் கழிப்பிடம்’ என்று குறித்தார். பெரிய மாமா வருவதாகக் கடிதம் எழுதினார். அம்மா அந்தக் கடிதத்தைத் தம் வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டார்.

எல்லோரும் வருவதற்கு முந்தைய நாள் பிற்பகல், மாட்டு வண்டியில் கூடாரங்களை ஏற்றிக்கொண்டு சித்தப்பாவும் நானும் போனோம். நான்கு கூடாரங்கள் எழுந்துவிட்டன. ஐந்தாவதற்கு அவர் முளையடித்துக்கொண்டிருந்தார். ஐந்து மணி இருக்கும். புதரை ஒட்டிய ஒற்றையடிப் பாதையில் ஏழெட்டுப் பெண்கள் வந்தார்கள். எல்லோர் கையிலும் தகரக் குவளை. கூடாரங்களைப் பார்த்ததும் நின்றார்கள். திரும்பிப் போனார்கள். சிறிது நேரத்தில் மறுபடியும் வந்து அதே இடத்தில் நின்றார்கள். கடைசியில் வயதான ஒருத்தி மட்டும் என்னிடம் வந்தாள்.

“ஏம்மா, எப்போ கெளம்புவீங்கோ?”

“நாங்க மூணு நாள் இருப்போம்மா.”

“மூணு நாளா!” அவள் பின்னால் திரும்பினாள். “கேட்டுக்கினியாடி? மூணு நாளு வவுத்தை இறுக்கிக் கட்டிக்கினு கெடக்கணுமாம்.”

அவர்கள் சிரித்தார்கள். ஒருத்தி சிரிக்கவில்லை. அவளுக்கு நிறைமாதம், இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள். “ஏரி ரொம்பிக் கீது. அந்தாண்ட ஆம்பளைங்க போற எடம். எங்களுக்கு வேற எங்கம்மா கீது?” என்று வயதானவள் கேட்டாள். அதில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் பதில் சொல்ல எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

மூன்று பக்கமும் புதர் என்று நாங்கள் மகிழ்ந்தோமே, அதே காரணத்துக்காகத்தான் அவர்களும் அங்கே வந்தார்கள். காலையில் ஒருமுறை, அந்தியில் ஒருமுறை. நாங்கள் இரண்டுக்கும் நடுவே போய், மூன்று தடவை பார்த்துவிட்டு, யாரும் இல்லை என்று எழுதிக்கொண்டோம். போதாததற்கு, எங்கள் வீட்டுப் பெண்களுக்கென்று அவர்களுடைய புதரையே வரைபடத்தில் குறித்தும் வைத்திருந்தோம்.

சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் சுத்தியலைக் கீழே வைக்கவில்லை. “மணியக்காரர்தான் சொல்லிட்டாரே!”

“அவர் வீட்டுப் பெண்கள் எங்க போறாங்கன்னு அவரைக் கேட்டீங்களா சித்தப்பா?”

“விளையாடாத. நாளைக்குக் காலைல ஸ்டேஷன்ல முப்பது பேர் வந்து எறங்கப் போறாங்க. உன் பெரிய மாமா ‘வரேன்’னு ஒரு வார்த்தை எழுத மூணு வருஷம் ஆச்சு. இதைக் கலைச்சா அந்த மனுஷன் இன்னொரு தரம் வருவாரா? மூணே நாள். அவங்க சமாளிச்சுக்க மாட்டாங்களா?”

அம்மாவின் வேதாகமத்துக்குள் இருந்த கடிதம் என் கண்முன் நின்றது. கூடாரங்களைத் தள்ளிப் போடலாமா என்று சுற்றி நடந்து பார்த்தேன். மற்ற இடமெல்லாம் சேறு. பாதையில் அந்தக் கர்ப்பிணிப் பெண் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். நான் போய் முதல் கூடாரத்தின் கயிற்றை அவிழ்த்தேன். சித்தப்பா சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு வந்து இரண்டாவது கூடாரத்தை அவிழ்த்தார்.

மறுநாள் பல்லாவரம் ரயில் நிலையத்தில் மூட்டை முடிச்சுகளோடு முப்பது பேர். பெரிய மாமாவும் சின்ன மாமாவும் மூன்றாண்டுகளுக்குப் பிறகு ஒரே நடைமேடையில், பத்தடி இடைவெளியில். இடம் சரிப்படவில்லை என்று சித்தப்பா சொன்னார்.

“ஏன் சரிப்படல?” என்று பெரிய மாமா என்னைப் பார்த்துக் கேட்டார். “நீதானே மூணு தடவை பார்த்தே? பட்டதாரி!”

காரணம் என் நாக்கில் இருந்தது. மாமன்மார் முன்னால், அத்தனை ஆண்கள் நடுவே, பெண்கள் எதற்காக அந்தப் புதருக்குப் போகிறார்கள் என்று சொல்ல என்னால் முடியவில்லை. “சேறு மாமா” என்றேன்.

“அண்ணா, எங்க வீட்டுக்கே போவோம்” என்று அம்மா அவர் கையைப் பிடித்தார்.

“பத்திரிகையிலதான் எனக்கு எடமில்ல. இப்ப இந்த ஊர்லயே எடமில்லையாக்கும்” என்று சொல்லிவிட்டு, அடுத்த மின்சார ரயிலில் தம் மனைவி மக்களோடு எழும்பூருக்குத் திரும்பிவிட்டார். அவர்கள் கொண்டுவந்திருந்த முறுக்கு டின் மட்டும் பெஞ்சில் இருந்தது. மறந்ததா, விட்டுச் சென்றதா என்று இன்றும் எனக்குத் தெரியாது. அம்மா அதைத் திறக்கவில்லை.

பெரிய மாமா அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அம்மாவிடம் உண்மைக் காரணத்தை அன்று மாலையே சொன்னேன். மாமாவிடம் சொல்ல எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. சித்தப்பா தம் பள்ளியின் சாரணர் முகாம்களுக்கு இடம் பார்க்கும்போது, விடியற்காலையிலும் அந்தியிலும் என்னையும் அழைத்துக்கொண்டு போகத் தொடங்கினார். பக்கத்துக் குடிசைப் பெண்களை நான் கேட்டுவிட்டு வந்த பிறகே அவர் முளையடித்தார்.