முருகன் லேபிளுக்கு அடியில் ஒரு தேர்தல் பாட்டு

கூம்பு ஒலிபெருக்கியைக் கூரையில் கட்டிய பழைய கார் ஒன்று, தேர்தல் வந்துவிட்டால் கோல சிலாங்கூர்த் தோட்டங்களின் லயங்களைச் சுற்றிச் சுற்றி வரும். ஓட்டுபவர் மைக்செட் அண்ணன். பக்கத்து இருக்கை முழுக்கக் கட்சிப் பாட்டு இசைத்தட்டுகள். "இதுல ஒண்ணுல மூணாவது சரணம் நான் பாடுனது" என்பார். யாரும் நம்பியதில்லை. அவர் மனைவியே, "குளிக்கிறப்பகூட இவருக்கு ராகம் வராது, ரெக்கார்டுல பாடுனாராம் லா" என்று நாலு பேர் முன்னால் சிரிப்பார்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். கூலிக்கு லோரி ஓட்டி, பிறகு சொந்தமாக நான்கு லோரி வாங்கியவன். ராசா, சுங்கை சோ என்று போன இடமெல்லாம் பழைய அரசியல் இசைத்தட்டுகளைத் தேடி வாங்கினேன். தட்டைக் கழுவி, ஊசி வைத்து, பாட்டைக் கணினிக்குள் ஏற்றவும் நானாகவே கற்றேன். பட்டம் வாங்கியவர்கள் இன்று என் வீட்டுக்கு வந்து, என்னிடம் கேட்டுக் குறிப்பெடுக்கிறார்கள். பெருமைதான், எதற்கு மறைக்க வேண்டும்?

ஆனால் அண்ணன் பாடிய தட்டு மட்டும் அகப்படவில்லை. போன வருடம் சுங்கை பெசாரில், மகள் வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்தவரைப் பார்க்கப் போனேன்.

"தம்பி, போறதுக்குள்ள அத ஒரு தடவ கேட்டுடணும்."

"எல்லாத் தட்டையும் போட்டுப் பாத்துட்டேண்ணே."

"சாமிப் பாட்டையும் பாத்தியா?"

தோட்டத்துக்குள் கட்சிப் பாட்டு கூடாது என்று நிர்வாகம் தடுத்திருந்த காலத்தில், தட்டின் நடுவில் இருந்த லேபிளை ஈரத்துணியால் உரித்துவிட்டு, முருகன் பாட்டு லேபிளை ஒட்டிவிடுவாராம். "தொரை மயில் படத்தப் பாப்பான், பாட்டு அவனுக்கு எங்க புரியும்? கணக்கெழுதுற நம்மாளு கிராணிக்குப் புரியும், ஆனா கண்டுக்க மாட்டாரு."

எனக்குச் சுரீர் என்றது. அரசியல் தட்டு தேடுகிறவனுக்குச் சாமிப் பாட்டு எதற்கு என்று, வாங்கிய கட்டுகளோடு கலந்து வந்தவற்றில் ஒன்றைக்கூடப் போட்டுப் பார்க்காமல், கோயிலுக்குக் கொடுக்க மூட்டை கட்டி வைத்திருந்தேன். வீட்டுக்கு ஓடி மூட்டையை அவிழ்த்தேன். மூன்றாம் நாள், மயில் படம் போட்ட ஒரு தட்டில் ஊசி வைத்தால், முருகன் வரவில்லை. ஒரு கூட்டமே ஓட்டுக் கேட்டுப் பாடியது!

இரைச்சலைக் குறைத்து, கைப்பேசியில் ஏற்றி, அன்றைக்கே அண்ணன் கட்டிலருகே போய் நின்றேன். மூன்றாவது சரணம் வந்தது. கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த அவர் மனைவியின் கை அப்படியே நின்றது.

"ஐயய்யோ, இவரு கொரலுதான் லா இது!"

அண்ணன் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "பாத்தியா தம்பி, அறுபது வருஷம் பிரசாரம் பண்ணி, இன்னிக்கித்தான் இந்தம்மா எனக்கு ஓட்டுப் போட்டிருக்கு."