விருந்துக்கு ஒரு ஸ்பொரன்

மல்கிரேவில் குடியிருந்த மகேந்திரராஜாவுக்கு மேளம் அடிப்பதென்றால் உயிர். 1994இல் அவரை விரும்பிச் சேர்த்துக்கொண்டது ஸ்கொட்லாந்துக்காரர்களின் பைப் வாத்தியக் குழு ஒன்றுதான். கட்டம் போட்ட பாவாடை மாதிரியான கில்ற் உடுத்து, பெரிய மேளத்தை நெஞ்சில் கட்டிக்கொண்டு ஊர்வலம் போவதில் அவருக்குக் கொஞ்சமும் வெட்கம் இருக்கவில்லை.

சிக்கல் ஆண்டு விருந்தில் வந்தது. கில்ற்றில் பொக்கற் கிடையாது. அதற்காக முன்னால் சங்கிலியில் தொங்கவிடும் பைதான் ஸ்பொரன். விருந்துக்குச் சாதாரணத் தோல் பை சரிவராது, ரோமம் வைத்தது வேண்டும் என்று குழுத் தலைவர் டக்ளஸ் சொல்லிவிட்டார்.

மனைவி விஜயா சுத்த சைவம். அவளும் கடைக்கு வந்தாள்.

"இது என்ன பிராணி எண்டு கேளுங்கோ."

"கடல்நாயாம்."

"வையுங்கோ அதை. மற்றது?"

"முயல்."

"முயலைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு என்ரை சாமியறைப் பக்கம் வரப்படாது."

மூலையில் நீளமாக, வெள்ளையாக ஒன்று தொங்கியது. குதிரைமயிர் என்றாள் கடைக்காரி. அதற்கு மேல் அவள் எதுவும் சொல்லவில்லை. மிச்சத்தை மகேந்திரராஜா சேர்த்துக்கொண்டார்.

"குதிரை உயிரோடைதான் இருக்காம். வாலை மட்டும் கத்தரிக்கிறதாம்."

"அப்ப சலூனிலை வெட்டுற மாதிரித்தானே. அதை எடுங்கோ."

விருந்து மண்டபத்தில் நுழைந்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. மற்றவர்களுக்கெல்லாம் உள்ளங்கை அளவில் அடக்கமான பைகள். இவருடையது முழங்கால் வரைக்கும். அது பெரிய ஊர்வலங்களுக்கு மட்டும் உரியதாம்; அப்படி ஒன்றுக்கு அவர் இன்னும் போனதில்லை. டக்ளஸ் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நல்ல நீளம்" என்றார்.

உட்கார்ந்தபோது மடி நிறைய மயிர். பூசணி சூப் கரண்டியிலிருந்து நழுவி நேரே அதில் விழுந்தது. மேசையில் இருக்கும்போது ஸ்பொரனை இடுப்புப் பக்கம் தள்ளிவிட வேண்டும் என்று டக்ளஸ் அப்போதுதான் சொல்லிக்கொடுத்தார்.

"இதை வரேக்கையே சொல்லியிருக்கலாம்," என்று மகேந்திரராஜா தமிழில் முணுமுணுத்தார்.

அடுத்த நாள் விஜயா அதற்கு ஷாம்பூ போட்டு அலசி, தன் டிரையரால் காயவைத்து, சீப்பால் வாரி எடுத்தாள். அடுத்த பெரிய ஊர்வலத்தில் அது பஞ்சுபோல் பொங்கி நின்றது. பழுப்பேறிய தன் குதிரைமயிரைக் குனிந்து பார்த்த டக்ளஸ், எந்த ஷாம்பூ என்று கேட்டார்.

மறு சனிக்கிழமை குழுவின் ஊர்வல ஸ்பொரன்கள் எல்லாம் மல்கிரேவ் வீட்டுக் கொடியில் தொங்கின. விஜயா ஒன்றின் நுனியைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"டக்ளஸிட்டைச் சொல்லுங்கோ," என்றாள் கணவரிடம். "கண்டிஷனர் போடாட்டி நுனி வெடிக்கும்."