மெயின் சுவிட்சும் இரண்டு கடல் மீன்களும்

பேருந்துப் பணிமனையில் அவரை எல்லோரும் 'சந்தேகம்' என்றுதான் கூப்பிடுவார்கள். பிரேக் பரிசோதகர், வயது ஐம்பத்தாறு. காலையில் வண்டிகள் வெளியே போகுமுன் ஒவ்வொன்றின் பிரேக்கையும் மிதித்துப் பார்த்து, அடியில் படுத்துக் குழாய்களைத் தடவிப் பார்த்து, பரிசோதனைச் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டுப் பேனாவை மூடியதும் அவருக்கு ஒரு சந்தேகம் வரும். மறுபடியும் போய்ப் படுப்பார்.

"அண்ணே, நேரமாச்சுண்ணே, ஜனங்க காத்துக்கிட்டு நிக்கிறாங்க" என்று ஓட்டுநர்கள் கெஞ்சுவார்கள்.

"நிக்கட்டும்பா. உசுரோடதானே நிக்கிறாங்க" என்பார் வண்டிக்கு அடியிலிருந்து.

இருபத்தெட்டு வருஷத்தில் அவர் கையெழுத்துப் போட்டு அனுப்பிய வண்டி எதுவும் பிரேக் பிடிக்காமல் எங்கும் போய் முட்டியதில்லை. பயம்தான் அந்த மனிதருக்குச் சோறு போட்டது. அதைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை.

ஆனால் அந்தப் பயம் வேலை முடிந்ததும் பணிமனையிலேயே தங்கிவிடாது. கூடவே வீட்டுக்கு வரும். பதினொரு வயதில் இஸ்திரிப் பெட்டியை அணைக்க மறந்து விளையாடப் போனவர் அவர். திரும்பி வந்தபோது அறை எரிந்துகொண்டிருந்தது. யாரும் சாகவில்லை. தீயை அணைக்கப் போன அம்மாவின் இரண்டு கைகளும் வெந்துபோயின. அதற்குப் பிறகு முப்பது வருஷம் அந்தக் கைகளால்தான் அம்மா அவருக்குச் சாப்பாடு பரிமாறினாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஆளில்லாத வீட்டில் மின்சாரம் ஓடுகிறது என்று நினைத்தாலே அவருக்கு ஈரக்குலை நடுங்கும். வீட்டைப் பூட்டுகிற கடைசி ஆள் அவராக இருந்தால், மெயின் சுவிட்சை இறக்காமல் வெளியே கால் வைக்க மாட்டார்.

இத்தனை வருஷம் அதனால் பெரிய தொந்தரவு ஏதும் வரவில்லை. மனைவி வீட்டிலேயே துணி தைப்பவள். அவர் கிளம்பும்போது தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும். அதற்குப் பக்கத்தில், கூடத்துச் சுவரை ஒட்டி, அவளுடைய கடல்மீன் தொட்டி. நாலடி நீளம். உப்புக் கரைத்த தண்ணீர், பாறைகள், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள். பெரியது பெண், சின்னது ஆண். ஒன்பது வருஷமாக வளர்க்கிறாள். தொட்டியின் இரண்டு முனையிலும் முஷ்டி அளவில் ஒவ்வொரு அலை பம்ப், தண்ணீரை இரவும் பகலும் தள்ளிக்கொண்டே இருக்கும்.

மகளுக்குப் பிரசவம், வேறு ஊரில். மனைவி இரண்டு மாதம் அங்கே இருக்கக் கிளம்பினாள். வாசலில் நின்று ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"தீனி ஒருநாள் மறந்தாலும் பரவாயில்ல. தண்ணி மட்டும் நிக்கக் கூடாது. கடல்ல தண்ணி நிக்குமா?"

மண்டையை மண்டையை ஆட்டினார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மெயின் சுவிட்சுக்கு முன்னால் போய் நின்றார். கை மேலே போனது, கீழே வந்தது. பிறகு ஒரு யோசனை வந்தது. பம்புகள் பாதி வேகத்தில் இருபத்துநாலு மணி நேரம் ஓடுகின்றன. அவர் வெளியே இருப்பது ஒன்பது மணி நேரம். மீதிப் பதினைந்து மணி நேரமும் முழு வேகத்தில் ஓட்டினால் மொத்த ஓட்டம் முன்னைவிடக் கூடுதல்தானே? பணிமனையில் எவனாவது இப்படி ஒரு நியாயம் பேசியிருந்தால் வறுத்தெடுத்திருப்பார். இது அவருடைய பயத்துக்குத் தோதாக இருந்தது. சுவிட்சை இறக்கிவிட்டு நிம்மதியாகப் போனார்.

பத்து நாளில் பாறைக்குப் பின்னால் மணலில் சிவப்பாக வழுவழுவென்று ஒரு பாசி படர்ந்தது. ஓட்டம் போதவில்லை என்று முடிவுகட்டினார். தீனித்தூளை ஒரு சிட்டிகை போட்டு, எந்த மூலையில் அது அசையாமல் தங்குகிறது என்று கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தார். மூன்று இடங்களில் தண்ணீர் செத்துக் கிடந்தது. மூன்றாவதாக ஒரு பம்ப் வாங்கி, கோணம் மாற்றி மாற்றி வைத்து, ஒரு துகள்கூட எங்கும் தங்காதபடி செய்துவிட்டார். அருமையான வேலை, அதில் சந்தேகமில்லை. காலை எட்டு மணிக்கு மூன்றும் சேர்ந்து நின்றன.

மூன்றாவது வாரம், ஒரு சாயங்காலம், வந்து சுவிட்சைப் போட்டார். விளக்கு எரிந்தது. இரண்டு மீன்களும் தண்ணீர் மட்டத்தில் வாயை வைத்துத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. பம்புகள் சுழன்றதும் பெரியது மெல்ல இறங்கி நீந்தியது. சின்னது மறுநாள் காலை பாறை ஓரத்தில் சாய்ந்து கிடந்தது. அதை ஒரு கிண்ணத்தில் அள்ளி எடுத்தார்.

மனைவி தினமும் மாலையில் போன் செய்வாள். தொட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு பேத்தியைப் பற்றிக் கேட்டார். மீன்களைப் பற்றிப் பேச்சையே எடுக்கவில்லை. பெரியதும் போய்விட்டால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்ற நினைப்பு விடவில்லை. மீன் கடைக்கு ஓடினார்.

கடைக்காரம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

"எத்தனை மணி நேரம் ஓடுது சார்?"

"பதினஞ்சு. ஆனா ஃபுல் ஸ்பீடும்மா."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ராத்திரி ரெண்டு பங்கு மூச்சு விட்டுட்டு, பகல்ல விடாம இருப்பீங்களா நீங்க?"

அவர் கடைத் தொட்டிகளில் ஓயாமல் எழும்பிய குமிழிகளைப் பார்த்தார்.

"உப்புத் தண்ணியில காத்து கம்மியாத்தான் கரையும் சார். கீழ்த்தண்ணி மேல வரணும், மேல்தண்ணி கீழ போகணும், நிக்காம. அழுக்கைத் தின்னுற கிருமி பாறைக்குள்ள இருக்கு, அதுக்கும் ஓட்டம் வேணும். இனி ஒருநாள் நிறுத்தினாலும் மிச்சம் இருக்கறதும் போயிரும்."

"பேட்டரியில ஓடுற மாதிரி ஏதாவது..."

"அது கரண்ட் போனா ரெண்டு மூணு மணி நேரம் தாங்கறதுக்கு. தினம் ஒன்பது மணி நேரத்துக்கு இல்ல."

மூன்று நாள் விடுப்புப் போட்டார். தொட்டிக்கு எதிரே நாற்காலியைப் போட்டு, பம்பின் பிளக்கை அரை மணிக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது வெதுவெதுப்பாக இருந்ததே அவரை ஆட்டிவைத்தது. மூன்றாம் நாள் மதியம் மேலதிகாரி போன் செய்தார். நாளைக்கும் வராவிட்டால் வண்டிகளை யாரோ ஒரு புது ஆள் பார்த்து அனுப்புவான் என்றார். சுவிட்சைப் போட்டபடி விட்டு வேலைக்குப் போனால் வீடு எரியும். சுவிட்சை இறக்கினால் மீன் சாகும். போகாவிட்டால் எவனோ போட்ட கையெழுத்தில் ஐம்பது பேர் பயணம் செய்வார்கள்.

மாலை போன் வந்தது. மனைவி பேத்தி தும்மியதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் குறுக்கே விழுந்து பேசினார்.

"சின்னது செத்துப்போச்சு. நான்தான் கொன்னேன். தினமும் மெயினை அணைச்சுட்டுப் போனேன்."

"பெருசு?"

"இருக்கு. நீந்துது."

"ரெண்டும் போயிருக்கும்னுதான் நெனச்சேன்" என்றாள். குரலில் கோபமே இல்லை. அது அவரை இன்னும் பயமுறுத்தியது.

"என்ன சொல்ற நீ?"

"நீங்க அணைப்பீங்கன்னு எனக்குத் தெரியாதா? முப்பது வருஷமா பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

"அப்ப வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா, போட்டுட்டுப் போயிருப்பீங்களா?"

அவர் மெயின் சுவிட்சைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒன்பது வருஷத்துல நான் எங்கயாவது ஒரு ராத்திரி தங்கியிருக்கேனா சொல்லுங்க. அக்கா எத்தனை தடவை கூப்பிட்டா. நம்ம பொண்ணு பட்டம் வாங்கின அன்னிக்கு நீங்க மட்டும்தான் போனீங்க. எனக்கு வீட்ல இருக்கத்தான் புடிக்கும்னு நானே சொல்லிக்கிட்டேன். பேத்தி பொறக்கும்போதாவது பக்கத்துல இருக்கணும்னு தோணுச்சு. அதான், மீன் போனாப் போகுதுன்னு மனசைக் கல்லாக்கிக்கிட்டுக் கெளம்பிட்டேன்."

மனைவிக்கு வீடே உலகம் என்று பணிமனையில் எத்தனை பேரிடம் பெருமையடித்திருப்பார். இப்போது கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். தையல் இயந்திரம், நாற்காலி, தொட்டி. ஒன்பது வருஷம் அவளை இதற்குள் உட்கார்த்தி வைத்தது யார் என்று புரிந்தது. தன்மீதே பயம் வந்தது.

"நீ ரெண்டு மாசம்னு இல்ல, எவ்வளவு நாள் வேணாலும் இருந்துட்டு வா" என்றார். "நான் நாளைக்கு வேலைக்குப் போறேன். மெயினை இறக்க மாட்டேன்."

"கை நடுங்குதா?"

"நடுங்குது."

"நடுங்கட்டும். போய்ட்டு வாங்க."

காலை எட்டு மணிக்குக் கதவைப் பூட்டினார். மூடிய கதவுக்குள்ளே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. மூன்று மாடியையும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே இறங்கினார். வழியெல்லாம் அவருக்குப் புகை நாற்றம் அடித்தது. எங்கும் எதுவும் எரியவில்லை என்று தெரிந்தும் அடித்தது. அழுதுகொண்டே பணிமனைவரை நடந்து போனார்.