அப்பாவோடு ஸ்பீக்கர் வாங்கப் போனது

போன மாதம் டிவி வாங்கப் போயிருந்தேன். விற்பனையாளர் டிவியை விட்டுவிட்டு அதன் கீழே கிடந்த ஒரு நீளமான கறுப்புக் கட்டையைத்தான் அதிகம் புகழ்ந்தார். பார்க்கப் பள்ளிக்கூட அடிஸ்கேல் மாதிரி இருந்தது. அதுதான் ஸ்பீக்கராம். "ஒத்த கட்டைதான் சார், ஆனா ரூமைச் சுத்திச் சுத்திக் கேக்கும்" என்று புதுசாக ஒன்றைப் பிரித்துக் காட்டினார். அட்டையைத் திறந்ததும் பசையும் பெயின்ட்டும் கலந்த ஒரு வாசனை வந்தது பாருங்கள், அத்தோடு எனக்கு டிவி மறந்துபோனது. அவர் பாட்டுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். நான் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சவரி அண்ணன் கடையில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

சவரி அண்ணன் கடைக்கு அப்படி ஒரு வாசனை உண்டு. ஈயம் உருகும் புகை, அறுத்துப் போட்ட பிளைவுட் தூள், இவற்றோடு பக்கத்துப் புரோட்டாக் கடையின் சால்னா. அந்தச் சால்னா வாசனை ஸ்பீக்கரை மூடியிருக்கும் கறுப்புத் துணிக்குள்ளேயே ஏறிவிடும். வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்தால் முதல் வாரம் பாட்டோடு சால்னாவும் சேர்ந்து வரும். கல்யாண வீட்டுக்கும் கோயில் கொடைக்கும் மாதா கோயில் சப்பரத்துக்கும் மைக்செட் கட்டிக்கொண்டிருந்தவர், பிறகு ஆம்ப்ளிஃபையர் செய்து விற்க உட்கார்ந்தார். எதைக் கேட்டாலும் வாட் கணக்கில்தான் பதில் சொல்வார். அவர் சொல்லும் வாட்டையெல்லாம் கூட்டினால் நாகல் நகர் முழுக்கத் தெருவிளக்கு எரியும்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள். ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, மதுரைக்குப் போகும்போதெல்லாம் ஒவ்வொரு பாகமாக வாங்கிவந்து வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டர் பூட்டினேன். சும்மா கம்ப்யூட்டர் இல்லை. கேபிள் டிவியும் அதில்தான் தெரிய வேண்டும், படமும் அதில்தான் ஓட வேண்டும், வீட்டிலிருக்கும் கேசட்டுப் பாட்டெல்லாம் அதற்குள் போய்விட வேண்டும். இனி எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே பெட்டிதான் என்று நான் செய்த பிரகடனத்தை அம்மா மட்டும் மரியாதையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "இதுல கிரைண்டர மாட்ட முடியாதாக்கும்?" என்றாள்.

எல்லாம் ஓடியது, சத்தத்தைத் தவிர. பெட்டியோடு இலவசமாக வந்த இரண்டு பிளாஸ்டிக் ஸ்பீக்கர்களில் எந்தப் பாடகர் பாடினாலும் தகர டப்பாவுக்குள் அகப்பட்ட சில்வண்டு மாதிரி இருந்தது. அப்பாவுக்கு அதில் ஒன்றுமே எட்டவில்லை. பழைய டிவியில் சத்தத்தைக் கடைசி வரைக்கும் ஏற்றிவைத்துப் பார்ப்பவர் அவர். அடுத்த வீட்டுக்காரர்கள் எங்கள் டிவியிலேயே செய்தி கேட்டுக்கொள்வார்கள். புதுப் பெட்டி வந்ததிலிருந்து முன்னறைக்கு வருவதையே குறைத்துக்கொண்டு வாசலில் போய் நின்றார். வீட்டில் ஒரு மனுஷர் பாட்டும் செய்தியும் இல்லாமல் வாசலில் நிற்பதற்கு நானும் என் பெட்டியும் காரணமாகிவிட்டோமே என்று எனக்கு உறுத்தியது.

அப்பா பஸ் டிரைவர். திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் மலைக்கு வண்டி ஓட்டி ஓய்வுபெற்றவர். முசுடு என்று பெயர் வாங்கியவர். பயணிகள் ஏதாவது கேட்டால் பதில் வராது. சொந்தக்காரர்கள் குசலம் விசாரித்தால் ஒரு தலையாட்டல். மாதா கோயிலில் ஆண்கள் பக்கம் இடது சுவரை ஒட்டிய ஓரத்தில்தான் எப்போதும் உட்காருவார். கூட்டத்தைப் பிடிக்காது போல என்று நாங்களே நினைத்துக்கொண்டிருந்தோம்.

அதனால்தான் அந்தச் சனிக்கிழமை, "ஸ்பீக்கர் பாக்கப் போறேம்ப்பா" என்று சொன்னதும், "இரு, நானும் வாரேன்" என்று அவர் சட்டையை மாட்டியது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

சவரி அண்ணன் அப்பாவைக் கண்டதும் எழுந்து நின்றார். ஒரு காலத்தில் மைக்செட்டை அப்பாவின் பஸ் மேல் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போனவர் அல்லவா. "ஐயா, நீங்க இந்தச் சேர்ல உக்காருங்க. நட்ட நடுவுல. இதான் ராஜா சீட்டு" என்று ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நாற்காலியைச் சுற்றி ஐந்து பெட்டிகள், தரையில் குண்டாக இன்னொன்று. நான் ஆசைப்பட்டு வந்ததும் அதுதான். முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, அடிச்சத்தத்துக்கு ஒன்று. படத்தில் ஹெலிகாப்டர் பறந்தால் நம் தலையைச் சுற்றிப் பறக்கும்.

பறக்கவிட்டார். நான் கழுத்தைத் திருப்பித் திருப்பி அதைத் தேடினேன். அப்பா நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"என்னங்கய்யா, சுத்துதா?"

"ம்."

வெளியே பழனி வண்டிக்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தான். அந்த இரைச்சலில் ஐயாவுக்கு நயம் தெரியவில்லை என்று முடிவுகட்டிய சவரி அண்ணன், பெரிய ஹெட்போன் ஒன்றை எடுத்து அப்பாவின் தலையில் மாட்டினார். சோதனைக்கென்று ஒரு சிடி வைத்திருந்தார். அதில் ஒரு வெள்ளைக்காரர் முதலில் இடது பக்கம் மட்டும் வந்து 'லெஃப்ட்' என்பார், பிறகு வலது பக்கம் மட்டும் வந்து 'ரைட்' என்பார். மாறி மாறி இதையே சொல்லிக்கொண்டிருப்பார். அதைப் போட்டுவிட்டார்.

அப்பா செத்த நேரம் கேட்டார். முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது.

"ஏன்டா, இந்தாளு வெறும் ரைட்டு ரைட்டுன்னே சொல்லிக்கிட்டிருக்கான்? நம்ம கண்டக்டரா இவன்?"

சவரி அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, ஹெட்போனில் ஒரு பக்கம் அறுந்திருக்கும் என்று சொல்லி, வாங்கி என் காதில் வைத்துப் பார்த்தேன். லெஃப்ட். ரைட். லெஃப்ட். ரைட். இரண்டு பக்கமும் தெளிவாக இருந்தது. அதைப் பக்கம் மாற்றி அப்பாவுக்குத் திரும்ப மாட்டினேன்.

"இப்ப லெஃப்ட்டுங்கிறான்" என்றார்.

சொன்ன கையோடு அவருக்கே புரிந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்தார். ஹெட்போனைக் கழற்றி, வயரைச் சுற்றி, சவரி அண்ணன் மேஜையில் பக்குவமாக வைத்தார். "வா, ஒரு டீயப் போட்டுட்டு வருவோம்" என்று எழுந்தார்.

டீக்கடை பெஞ்சில் வழக்கம்போல அவருக்கு இடது பக்கம் உட்காரப் போனேன். அவர் தன் வலது பக்கத்தைத் தட்டிக் காட்டினார். "இந்தப் பக்கம் வாடா அப்பு."

எத்தனையோ வருடமாக யாரிடமும் சொல்லாததை அவர் ஒரு கிளாஸ் டீக்குள் சொல்லி முடித்தார். அந்தக் காலத்துப் பஸ்ஸில் எஞ்சின் உள்ளேயே இருக்கும், உங்களுக்கு நினைவிருக்கும். டிரைவருக்கு இடது கைப்பக்கம், ஒரு பெரிய மூடிக்குக் கீழே. மலையேறும்போது முதல் கியரில் அது போடும் சத்தம் முழுக்க இடது காதுக்குத்தான்.

"மொதல்ல கொய்ங்குனு ஒரு எரைச்சல் இருந்துச்சு. அப்பறம் அதுவும் நின்னு போச்சு. சொன்னா வண்டிய விட்டு எறக்கி டிப்போவுல உக்கார வச்சிருவாங்க. அந்தக் காதப் பொத்திக்கிட்டுப் பாத்தேன், வலது காதுல ஹாரனு, விசிலு எல்லாம் நல்லாத்தான் கேட்டுச்சு. சரி, இது போதும்னு விட்டுட்டேன்."

"ரிட்டயர் ஆனதுக்கப்பறமாவது சொல்லியிருக்கலாமேப்பா."

"பழகிருச்சுடா" என்றார். "இப்பல்லாம் வலதும் மங்குது."

அப்போதுதான் எனக்கு அது ஞாபகம் வந்தது. பள்ளிக்கூட லீவு நாட்களில் என்னை அப்பா வண்டியில் ஏற்றிக்கொள்வார். நான் உட்காருவது அந்த எஞ்சின் மூடியின் மேல். சூட்டுக்கு ஒரு சாக்கை மடித்துப் போட்டுத் தருவார். அங்கே உட்கார்ந்துகொண்டு வத்தலக்குண்டு போய்ச் சேரும் வரைக்கும் நான் வாய் மூட மாட்டேன். வாத்தியார் கதை, கிரிக்கெட் கதை, மனசில் தங்காத ரகசியம் எல்லாவற்றையும் அவரிடம்தான் கொட்டுவேன். வேறு யாருக்கும் பதில் சொல்லாத அப்பா எனக்கு மட்டும் சிரித்துச் சிரித்துத் தலையாட்டுவார். அதில் எனக்குத் தனிப் பெருமை.

"அப்ப நான் பேசுனது எதுவுமே உங்களுக்குக் கேட்டதில்லையாப்பா?"

அப்பா கிளாஸைக் கீழே வைத்தார். "கேக்காது. ஆனா கண்ணாடில உன் வாயி ஆடுறது தெரியும். வத்தலக்குண்டு வரைக்கும் ஆடும். அதப் பாத்துக்கிட்டே ஓட்டுவேன்." பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டார்: "அம்புட்டு நேரம் அப்படி என்னதான்டா பேசுன?"

எனக்கு ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. எவ்வளவோ முயன்று பார்த்தேன். "தெரியலையேப்பா" என்றேன்.

"சரி விடு. இப்ப எதாச்சும் சொல்லு."

நான் கம்ப்யூட்டர் சென்டர் கதையைச் சொன்னேன். மவுஸைக் காற்றில் தூக்கிப் பிடித்து அழுத்திய ஒரு பெரியவரைப் பற்றிச் சொன்னேன். அப்பா சத்தம் போட்டுச் சிரித்தார். டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

கடைக்குத் திரும்பியபோது ஐந்து பெட்டி வேண்டாம் என்றேன். சவரி அண்ணனுக்கு முகம் விழுந்துவிட்டது. "தம்பி, ஐயாவுக்கு வேணாம்னா உனக்கு ஆசை இருக்குல்ல?" என்றார். ஆசை இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பாட்டை ஐந்தாகப் பிரித்து மூலைக்கு ஒன்றாக வைத்தால், இடது மூலைகளுக்குப் போகும் பங்கு அப்பாவுக்குச் சரியாக வந்து சேராது. எனக்கு வேண்டியது பிரிக்கிற பெட்டி இல்லை, சேர்க்கிற பெட்டி. பழைய ஆம்ப்ளிஃபையர்களில் 'மோனோ' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அமுக்கினால் இடதும் வலதும் ஒன்றாகி, எந்தப் பெட்டியிலும் முழுப் பாட்டும் வரும். அப்படி ஒன்று இருக்கிறதா என்று கேட்டேன்.

சவரி அண்ணன் மேல் தட்டைக் குடைந்து, தூசியும் சிலந்திக்கூடுமாக ஒன்றை இறக்கினார். "இத வாங்குறதுக்கும் ஒரு ஆளு வரும்னு நான் கனவுலயும் நெனைக்கல" என்று சொல்லிக்கொண்டே துடைத்து, மரப்பெட்டி ஸ்பீக்கர் இரண்டை அதோடு மாட்டினார். கம்ப்யூட்டரிலிருந்து அதற்குப் போக ஒரு வயரும் பற்றவைத்துக் கொடுத்தார். கிளம்பும்போது, "ஐயாவுக்குக் கேட்டுச்சான்னு வந்து சொல்லு தம்பி" என்றார். வாட் கணக்கு இல்லாமல் அவர் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

வீட்டில் அப்பாவின் நாற்காலிக்கு வலது பக்கமாக இரண்டு பெட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். காதுக்கு நேராக. எனக்கே என் புத்தியை மெச்சிக்கொள்ளத் தோன்றியது. அப்பா பார்த்துவிட்டு, "அங்க வேணாம்டா" என்றார்.

"ஏம்ப்பா, அதானே நல்ல காது?"

"அது உங்கம்மா உக்காருற எடம்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். ரோட்டில் நடந்தாலும் பஸ்ஸில் போனாலும் சாப்பிட உட்கார்ந்தாலும் அவள் அப்பாவுக்கு வலது பக்கம்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண்ணுக்கு முன்னால் இத்தனை காலம் இருந்தும் பார்க்கவில்லை.

"உனக்குத் தெரியுமாம்மா?"

"கட்டிக்கிட்டு வந்து கொஞ்ச நாள்லயே தெரியும்" என்றாள். "அவரு சொல்லல. நானும் கேக்கல."

பெட்டிகளை எதிர்ச்சுவருக்கு மாற்றினேன், சேசு படத்துக்குக் கீழே, கொஞ்சம் வலது ஒதுக்கமாக. அம்மா தன் இடத்தில் வந்து உட்கார்ந்தாள். அப்பாவுக்குப் பிடித்த பழைய பாட்டு ஒன்றைப் போட்டேன். சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். பாதியிலேயே அப்பா கையைக் காட்டினார். போதும் என்று அர்த்தம். எங்கள் வீட்டில் அப்பா சத்தத்தைப் போதும் என்று சொல்லி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டார். இடையில் வயலின் வந்த இடத்தில் அவருடைய விரல்கள் தொடையில் மெதுவாக ஓடின. பாட்டு முடிந்ததும் அம்மா பக்கம் திரும்பி, "நல்லா இருக்குல்ல?" என்றார். அவள் தலையாட்டினாள்.

அதற்குப் பிறகு அவர் வாசலில் போய் நிற்கவில்லை. சாயங்காலமானால் முன்னறையில் மூன்று பேரும் இருப்போம். நான் வேலை முடிந்து வந்து அவருடைய வலது பக்கம் தரையில் உட்கார்ந்து அன்றைய கதையைச் சொல்வேன். முசுடு என்று ஊர் சொன்ன மனிதர், மறுகேள்வி கேட்டுக் கேட்டு என்னைத் தூங்கவிடாமல் பண்ணுவார். அப்படிப் பல வருடங்கள் கிடைத்தன எங்களுக்கு.

மின்வெட்டு அதிகமாக இருந்த காலத்தில் அந்த ஆம்ப்ளிஃபையர் கருகிப்போனது. சவரி அண்ணன் அதற்குள் கடையைக் கொடுத்துவிட்டு மகளோடு கோயம்புத்தூருக்குப் போய்விட்டார். அந்தக் கடையில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். புதுப் பஸ்களில் எஞ்சின் பின்னால் போய்விட்டது. அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அம்மா எங்களோடுதான் இருக்கிறாள். முன்பெல்லாம் அவளுக்குப் பெரிய குரல் என்று தெருவே சொல்லும். "சாப்புட வாங்க" என்று அவள் அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் முக்குக் கடை வரைக்கும் கேட்கும். அப்பா போன பிறகு அந்தக் குரல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க ஆரம்பித்தது. துக்கம் என்று நினைத்தேன், உடம்புக்கு முடியவில்லையோ என்று டாக்டரிடம்கூடக் கூட்டிப்போனேன். தொண்டையில் ஒன்றுமில்லை என்றார் அவர். திரும்பி வரும்போது, "அப்பா இருந்தப்ப அம்புட்டுச் சத்தமாப் பேசுவியேம்மா, இப்ப என்னாச்சு?" என்று கேட்டேன். அம்மா சிரித்தாள். "சின்னப் புள்ளையிலருந்தே எனக்கு இம்புட்டுத்தான்டா சத்தம்" என்றாள். பஸ் இரைச்சலில் அதைக் கேட்க நான் குனிய வேண்டியிருந்தது. தெருமுனை வரைக்கும் கேட்ட அந்தக் குரல் இனி எங்கள் வீட்டில் இல்லை.