பெயரில்லாத படத்துக்கு ஒரு புகார்

காலை ஒன்பது மணிக்கு மாமல்லபுரம் பேருந்து நிலையத்தில் அமுலு எனக்காகக் காத்திருந்தாள். 2004-ஆம் வருஷம், ஆவணி வெயில். கடற்கரைத் தெருவில் வெள்ளைக்காரர்களுக்குச் சட்டை தைக்கும் கடையில் வேலை செய்பவள், சதுரங்கப்பட்டினத்துக்காரி. அவள் கடலில் குளித்துக் கரையேறியபோது எவனோ எடுத்த படம் இணையத்தில் கிடக்கிறது, கீழே ஒரு கேவலமான வரியோடு. வாடிக்கைக்காரப் பெண் ஒருத்தி பார்த்துவிட்டு வந்து சொல்லியிருக்கிறாள். வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது. தெரிவதற்குள் அதை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான் அமுலு கேட்டது. நானும் இணையச் சட்டத்தின் அச்சுப் பிரதியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு சென்னையிலிருந்து பெரிய மனுஷி போல வந்து இறங்கியிருந்தேன். பத்திரிகையில் சட்டம் பற்றி எழுதுகிறவளுக்கு இந்த மிதப்பு கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது.

புகாரோடு படமும் வேண்டும் என்று செங்கல்பட்டுக் காவல்துறை அலுவலகத்தில் தொலைபேசியில் சொல்லியிருந்தார்கள். எனவே முதலில் பிரவுசிங் சென்டர்.

"அண்ணாத்த, கொஞ்சம் அப்பால திரும்பிக்கோ" என்றாள் அமுலு.

"திரும்பிக்கினா பிரிண்ட் எப்டிம்மா எடுக்கறது?"

வண்ணப் பிரதி ஒன்று இருபத்தைந்து ரூபாய். மூன்று எடுத்தோம். கடைக்காரர் படத்தைப் பார்த்ததும் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். அவளுக்கு அதுவே போதுமான அவமானமாகிவிட்டது.

திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்கு முப்பது கிலோமீட்டர். பேருந்து நின்று நின்று போனது. படங்கள் இருந்த உறையை மடியில் குப்புறப் போட்டு அதன்மேல் கையை வைத்திருந்தாள்.

"எடுத்துடுவாங்கல்லக்கா?"

"எடுத்துடுவாங்க" என்றேன், எனக்கே தெரியாத ஒன்றை.

பதினொன்றரை மணி. காவல்துறை அலுவலகத்தில் முதல் மேசைக்காரர் உறையைப் பிரித்தார், "கம்ப்யூட்டர் கேஸாம்பா" என்று பக்கத்து மேசைக்கு ஒரு பிரதியைத் தள்ளினார். அது அங்கிருந்தும் நகர்ந்தது. டீ கொண்டுவந்தவர்கூட எட்டிப் பார்த்தார். அமுலு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதிகாரி நல்ல மனிதர். அவளை உட்காரச் சொன்னார். நான் நீட்டிய சட்டத்தைப் பொறுமையாகப் படித்தார்.

"ஆபாசம்னாதாம்மா இதுல வரும். இவங்க புடவை கட்டிகினுதானே இருக்காங்க?"

"அவளைக் கேக்காம எடுத்துப் போட்டிருக்காங்களே சார்?"

"அது இதுல எங்க இருக்கு? நீங்களே காட்டுங்க."

புரட்டினேன். இல்லை. கணினி, மின் கையெழுத்து, இணைய வியாபாரம் என்று எல்லாவற்றையும் யோசித்துச் சட்டம் எழுதியவர்களுக்கு, ஈரப் புடவையோடு கரையேறும் ஒருத்தியின் நினைப்பு வரவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது.

"எதுக்கும் எழுதிக் குடுங்க, மேல அனுப்பறேன்" என்றார் அவர். "பேரு, விலாசம், வூட்டுக்காரர் பேரு எல்லாம் போடணும். விசாரிக்க வூட்டுக்கு ஆள் வருவாங்க."

அமுலு எழுந்துவிட்டாள். "அந்தப் படத்துல என் பேரு இல்ல சார். நீங்கதான் போடச் சொல்றீங்க. எனக்கு வாணாம்."

பிரதிகளைத் திருப்பிக் கேட்டோம். இரண்டு வந்தன. மூன்றாவதை மேசை மேசையாகத் தேடினார்கள்.

"காணோம்மா. யாராச்சும் பாத்துகினு இருப்பாங்க. வந்தா கிழிச்சிடறோம்."

ஒரு மணிக்கு அவளைப் பேருந்தில் ஏற்றிவிட்டேன். எனக்குச் சென்னைக்கு மின்சார ரயில். சன்னலோரம் உட்கார்ந்தவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சொன்னாள்:

"அது எங்கியோ கண்காணாத ஊர்ல கெடந்துச்சுக்கா. இப்ப செங்கல்பட்டு வரைக்கும் வந்துடுச்சு."

பேருந்து கிளம்பியது. கொண்டுவந்து சேர்த்தது நான்தான் என்று அவள் சொல்லவில்லை.